குற்றமற்ற கைதி: 1927ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியத் திரைப்படம் ஒன்று பற்றிய சில சிந்தனைகள்

நாடுகடத்தல் தண்டனையை ஆங்கில நீதிமன்றங்கள் பெரும்பாலும் 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுட்காலம் என்னும் மூன்று அளவைகளில் விதித்தன. மூன்றாவது அளவைக்கு வழங்கிய சட்டத்தொடரை ‘அவனது இயற்கை ஆயுட்காலம் முழுவதற்கும்’ எனத் தமிழிற் கூறலாம். மார்க்கஸ் கிளார்க் எழுதிய புகழ்பெற்ற அவுஸ்திரேலிய நாவல் இத்தொடராலேயே அறியப்படுகின்றது. அதனைத் தழுவி நோர்மன் டோன் நெறிப்படுத்திய மௌனத் திரைப்படமும் ‘ஃபோர் த டேர்ம் ஒஃப் ஹிஸ் நச்சுரல் லைஃப்’ என்ற பெயருடனேயே 1927இல் வெளிவந்தது.

கிளார்க் 1846இல் லண்டனிற் பிறந்தவர். 1863இல் மெல்பேர்ணுக்கு வந்து பத்திரிகையாளரானார். 1870இல் தஸ்மானியாவுக்குச் சென்று பழைய கைதிக் குடியேற்றங்களை நேரிற் பார்த்தார். அவ்வாண்டிலிருந்து 1872 வரை சஞ்சிகையொன்றில் இக்கதையைத் தொடராக எழுதினார். 1874இல் அது பெரிதும் சுருக்கப்பட்டு நூலாயிற்று. 35 வயதிலேயே காலமான அவருடைய பெயர் பிற்காலத்தே நிலைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு நூலினாலேயாம். நாவல் மேடைக்குச் சென்றது. 1908இல் ஒருமுறை திரைப்படமும் ஆயிற்று. 1927ஆம் ஆண்டின் படம் அக்காலத்து அவுஸ்திரேலியத் திரைப்படங்களுள் ஆகக் கூடிய செலவில் ஆக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 பவுண் செலவாயிற்று என்பர்.

அப்படத்தை உலகத் திரைப்பட வரலாற்றின் மகத்தான ஆக்கங்களுள் ஒன்றென நிறுவுவது இங்கு நோக்கமன்று. அது அவ்வாறானதுமன்று. காலனித்துவக் கைதி வாழ்வைப் பேசப் புகும் மிகையுணர்ச்சி நாடகம் தன் கதாநாயகனை ஏன் குற்றமற்றவனாகவே படைக்கின்றது? அப்படைப்பினால் எது சொல்லப்படுகின்றது? எது சொல்லவிடாது தடுக்கப்படுகின்றது? இவ்வினாக்களுக்கு விடைதேட இப்படம் நன்கு உதவுகின்றது.

கதையைச் சுருங்கக் கூறுதல் அவசியம். ரிச்சர்ட் டெவைன் ஒரு செல்வக் குடும்பத்தின் வாரிசு. தாய் மணவுறவுக்குப் புறம்பே பெற்ற பிள்ளை அவன் என்பது வெளிப்படவே வீட்டினின்றும் வெளியேறுகிறான். வழியில் அவனது உண்மைத் தந்தையாகிய பெலாசிஸ் பிரபு கொலையுண்டு கிடக்கின்றார். பிணத்தினருகே பிடிபட்ட ரிச்சர்ட், தாயின் மானத்தைக் காப்பதற்காகத் தன் பெயரை மறைத்து ரூபஸ் டோஸ் எனத் தன்னை அழைத்துக்கொண்டு, செய்யாத குற்றத்துக்காகத் தஸ்மானியாவுக்கு, அன்றைய பெயரில் வான் டீமன்ஸ் லாந்துக்கு, நாடுகடத்தப்படுகிறான். கப்பலிற் கைதிகள் திட்டமிட்ட கலகத்தை அவன் முன்கூட்டி அறிவித்தும், கலகத் தலைவன் என்ற பழி அவன்மீதே விழுகின்றது. மக்குவாரித் துறைமுகத்தருகே மனித சஞ்சாரமற்ற கரையிற் கைவிடப்பட்ட சிறுமி சில்வியாவையும் அவள் தாயையும் இராணுவ அதிகாரி பிரெயரையும், ஆட்டுத்தோலினால் ஓடம் அமைத்து அவன் காப்பாற்றுகிறான். தாய் இறக்கிறாள். சில்வியா நோயினால் நினைவிழக்கிறாள். மீட்பின் புகழைத் தனதாக்கிக்கொண்ட பிரெயர், பின்னர் அவளையே மணக்கிறான். டோஸ் மீண்டும் விலங்கு பூணுகிறான். போர்ட் ஆர்தர், நோர்ஃபோக் தீவு என அவன் துன்பம் நீள்கின்றது.

இங்கு நேரும் கொடுமைகள் யாவற்றுக்கும் காரணம் ஒரு பிழை: ஆள்மாறாட்டம், மறைக்கப்பட்ட பெயர், மறந்துபோன நினைவு. அப்பிழை திருத்தப்பட்டால் எல்லாம் சீராகிவிடும் என்ற எதிர்பார்ப்பே பார்வையாளரை இறுதிவரை இருத்திவைக்கின்றது. சில்வியாவுக்கு நினைவு எப்போது மீளும் என்று நாம் ஏங்குகின்றோம். உண்மையாகவே களவாடிய ஒருவனின் முதுகில் அதே கசை விழுந்தால் அது நியாயமா என்ற கேள்வியைக் கேட்க நமக்கு அவகாசம் தரப்படுவதில்லை.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இந்நிலைமை புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியனுடைய அவையில் வழக்குத் தீர்வது சிலம்பினுட் பரல் மாணிக்கமா முத்தா என்ற சோதனையில். கோவலன் கள்வனல்லன் என்பது நிறுவப்பட்டதும் அரசன் வீழ்கிறான். கள்வனைக் கொல்லலாம் என்ற விதி அந்த அவையில் வீழவில்லை. அதை எவரும் தொடவுமில்லை. கண்ணகியின் வழக்கு அநீதியான தீர்ப்புக்கு எதிரானது, தண்டனை முறைக்கு எதிரானதன்று. நிலவுடைமைச் சமுதாயத்து அரசநீதியை அதனுடைய சொந்த அளவுகோலாலேயே அளந்து குற்றவாளியாக்கியமை அக்காப்பியத்தின் பலம். அந்த அளவுகோலுக்கு அப்பாற் செல்லாமை அதன் வரலாற்று எல்லை. இருபதாம் நூற்றாண்டின் திரைப்படம் அதே எல்லைக்குள் நிற்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியுள்ளது.

1996இல் பிரியதர்ஷனின் நெறியாள்கையில் மலையாளத்தில் ‘காலாபாணி’ எனவும் தமிழிற் ‘சிறைச்சாலை’ எனவும் வெளிவந்த படத்தையும் இத்தொடர்பில் நினைவுகூரலாம். அந்தமான் சிறையைக் களமாகக் கொண்ட அப்படத்தின் நாயகன் ஒரு மருத்துவன். புகையிரதக் குண்டுவெடிப்பொன்றிற் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன். ஆயுதமேந்திய புரட்சியாளனாக வரும் முகுந்தனோ நாயகனின் தோழன் என்ற இடத்திலேயே நிறுத்தப்படுகிறான். குண்டு வைத்தவன் நாயகனாக முடியாது, வைக்காதவனே நாயகன். பேரரசை எதிர்த்தமைக்காகப் பெருமையுடன் தண்டனை ஏற்றவர்கள் அச்சிறையில் நிறைந்திருந்தனர். 1930களில் அங்கே அடைக்கப்பட்ட வங்கத்து இளைஞர் பலர் மார்க்சியம் பயின்று பொதுவுடைமையாளராகவே வெளிவந்தனர். அப்படிப்பட்ட சிறையைப் பற்றிய படமும் பொய்வழக்கின் துணையையே நாடியதென்றால், இது ஒரு தனிக் கதாசிரியனின் விருப்பு வெறுப்புச் சார்ந்ததன்று. வடிவம் சார்ந்தது எனலாம்.

டோஸ் போன்ற ஒருவன் வரலாற்றில் எங்கே நிற்கிறான்? 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 162,000 பேர் அவுஸ்திரேலியாவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டனர். அவர்களுள் சுமார் 25,000 பேர் பெண்கள். பெரும்பான்மையோர் களவுக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள்: நகரத்துக் கூலியாட்கள், வேலைக்காரப் பெண்கள், நிலம் வேலியடைக்கப்பட்டதாற் பெயர்ந்த கிராமத்தவர், அயர்லாந்தின் வறியவர். அவர்கள் பெரும்பாலும் செய்ததாகச் சொல்லப்பட்டதைச் செய்தவர்கள்தாம். துணியோ ஆடோ திருடியவர்கள். பிரபுவின் வாரிசு எவனும் அந்த வரிசைக்கு எடுத்துக்காட்டாக மாட்டான்.

மார்க்சிய வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் ரூடே 1978இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பெருந்தொகையினருள் ஏறத்தாழ 3,600 பேரைச் சமூக, அரசியல் எதிர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டோராக இனங்காண்கின்றது. 1830இல் சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்த தென்னிங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளர் அவர்களுட் சேர்ந்தவர். 1834இல் தொழிற்சங்கம் அமைத்துச் சத்தியஞ் செய்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட டோல்பட்டில் கிராமத்து அறுவரும் சேர்ந்தவர். 1839ஆம் ஆண்டு நியூபோர்ட் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தவரான ஜோன் ஃப்ரொஸ்ட் 1840இற் போர்ட் ஆர்தருக்கே கொண்டுவரப்பட்டார். அடிமையின் மகனும் தையற்காரருமான சார்ட்டிஸ்ட் தலைவர் வில்லியம் கஃபே 1848இல் தண்டனை பெற்றுத் தஸ்மானியா சேர்ந்து, மன்னிப்புக் கிடைத்த பின்னரும் அங்கேயே வாழ்ந்து 1870இல் ஹோபார்ட்டிற் காலமானார். கிளார்க் தம் தொடரை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில்.

கதை நிகழும் காலமும் ஃப்ரொஸ்டின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. இங்கிலாந்து மீண்ட ஃப்ரொஸ்ட் 1856இல் கைதி வாழ்வின் கொடூரங்களைப் பற்றி மேடைகளிற் பேசி அச்சிலும் வெளியிட்டார். ஆகவே எதிர்த்து நின்ற கைதி என்னும் கதைப்பொருள் கைக்கெட்டாததாக இருக்கவில்லை. நாவலும் படமும் அதை விடுத்து வாரிசுரிமைக் கதையைத் தெரிந்துகொண்டன. இங்கே கலகக்காரர் என்போர் தீயவர். கலகத்தைக் காட்டிக்கொடுப்பவனே நல்லவன். டோஸின் முதல் நற்செயல் சக கைதிகளின் திட்டத்தை அதிகாரிகளுக்கு அறிவித்தமை என்பதை மறத்தலாகாது.

எனினும் கிளார்க்குக்கு நியாயம் வழங்குதல் வேண்டும். அவர் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தவர். நாவலிற் சக கைதிக்குக் கசையடி கொடுக்குமாறு பணிக்கப்பட்ட டோஸ் பாதியில் மறுத்துத் தானே கசையடிக்குள்ளாகும் பகுதியும், சிறுவர் இருவர் கைகோத்து மலைமுகட்டினின்றும் கடலிற் பாயும் பகுதியும் குற்றமற்ற நாயகன் என்ற சட்டகத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருவன. போர்ட் ஆர்தருக்கு எதிர்க்கரையில் உள்ள பொயின்ட் பியூரில் 1834 முதல் 1849 வரை சிறுவர் சிறையொன்று இயங்கியது. ஏறத்தாழ 3,000 சிறுவர் அதனூடாகச் சென்றனர். அச்சிறுவரின் சாவை வாசிப்பவன் அவர்கள் குற்றவாளிகளா அல்லரா என்று கேட்பதில்லை. அவ்விடத்தில் நாவல் தன் கதைப்பின்னலினும் பெரிதாகிவிடுகின்றது. மிகையுணர்ச்சி நாடகத்தை வெறும் பொய்யுணர்வு என ஒதுக்கிவிடும் நம் விமர்சகர் சிலரின் அவசரத்தை நான் ஏற்காமைக்குக் காரணம் இதுவே.

நாவலும் படமும் முற்றாகத் தவறவிடுவது உழைப்பை. கைதிகள் வேலை செய்வது திரையிற் காட்டப்படுகின்றது; ஆனால் அது சித்திரவதையின் ஒரு வகையாகவே காட்டப்படுகின்றது. உண்மையில் அக்குடியேற்றங்களின் பெரும்பாலான கைதிகள் சிறைக்கூடங்களில் இருக்கவில்லை. 1840 வரையிற் பெரும்பகுதியினர் தனியார் எசமானர்க்கு ஒப்படைக்கப்பட்டு, கூலியின்றி ஆடு மேய்த்தும் காடு வெட்டியும் சமைத்தும் பண்ணைகளை உருவாக்கியவர்கள். போர்ட் ஆர்தர் அந்த அமைப்பின் கடைக்கோடி. பணியாதவனை அனுப்பும் இடம். அதன் பயங்கரமே ஏனைய பண்ணைகளில் உழைப்பை ஒழுங்காக ஓடச் செய்தது. அதுவும் 1830இல் மரம் தறிக்கும் நிலையமாகத் தொடங்கியதே. அங்கே கப்பல் கட்டினர், அயலில் நிலக்கரி அகழ்ந்தனர். 1836இல் அமைத்த மரத் தண்டவாளப் பாதையில் அதிகாரிகள் ஏறிய வண்டிகளைக் கைதிகளே தள்ளிக்கொண்டு ஓடினர்.

மூலதனம் முதற்பாகத்தின் இறுதி அத்தியாயத்தில் மார்க்ஸ் எடுத்தாளும் பீல் என்பவரின் கதை இவ்விடத்திற் பொருந்தும். மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றுக் குடியேற்றத்துக்கு அவர் 50,000 பவுண் பெறுமதியான பொருள்களையும், ஆண் பெண் பிள்ளைகளாகத் தொழிலாளர் 3,000 பேரையும் கொண்டுசென்றாராம். நிலம் எளிதிற் கிடைக்கும் நாட்டை அடைந்ததும் அவர்கள் கலைந்துபோக, தண்ணீர் மொண்டு தரவும் ஒரு வேலையாள் இன்றி அவர் நின்றார். பொருள்களைக் கொண்டுசென்றவர் உற்பத்தி உறவுகளைக் கொண்டுசெல்ல மறந்துவிட்டார் என்பது மார்க்ஸின் எள்ளல். மார்க்ஸ் சொல்லாத பின்கதையும் உண்டு. கைதிகளற்ற சுதந்திரக் குடியேற்றம் என்ற பெருமையுடன் 1829இல் தொடங்கிய அதே இடம், ஆட்பஞ்சம் தாளாது 1850 முதற் கைதிகளைக் கேட்டுப் பெற்றது. 1868 வரை பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் அங்கு சென்றனர். விலங்கு என்பது நீதியின் சின்னமாக இருந்ததிலும் பார்க்க உழைப்புச் சந்தையின் கருவியாக இருந்தது. தஸ்மானியாவின் ஆதிக்குடிகள் அதே ஆடுகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்குமாகவே 1820களிலும் 1830களிலும் கொல்லப்பட்டும் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குப் பெயர்க்கப்பட்டும் அழிந்தனர். அவர்களுடைய அழிவு நாவலுக்கும் படத்துக்கும் கதைப்பொருளாகவில்லை.

படத்தின் சிறப்பான ஓர் அமிசம், ரூபஸ் டோஸும் உண்மைக் குற்றவாளியாகிய ஜோன் ரெக்ஸும் ஒரே நடிகராற் சித்திரிக்கப்பட்டமை. ஜோர்ஜ் ஃபிஷர் இரு வேடங்களையும் ஏற்றார். ரெக்ஸ் தப்பியோடி இங்கிலாந்து சென்று, காணாமற்போன வாரிசு தானே என நடித்துச் செல்வத்தை அனுபவிக்கிறான். உருவ ஒற்றுமை மலிவான உத்திதான். நமது படங்களில் இரட்டை வேடங்களைக் கண்டு அலுத்தவர்கள் நாம். ஆயினும் திரையில் அது நாவலிலும் பார்க்கத் துலக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகின்றது. சீமானுக்கும் திருடனுக்கும் முகம் ஒன்றே. ஒருவன் மாளிகையிலும் மற்றவன் சங்கிலியிலும் இருப்பதைத் தீர்மானிப்பது குணமன்று, சொத்துரிமைச் சான்று. நெறியாளர் இதனைக் கருதிச் செய்தாரோ, ஒரு நடிகரின் சம்பளத்தை மிச்சப்படுத்தச் செய்தாரோ, விளைவு அதுவே.

போர்ட் ஆர்தரிலேயே காட்சிகள் எடுக்கப்பட்டமையும் கவனத்துக்குரியது. சிறை 1877இல் மூடப்பட்டது. 1890களின் தீ விபத்துகளிற் கட்டடங்கள் பல அழிந்தன. அவமானமிக்க பெயரைத் துடைக்க விரும்பிய மக்கள் ஊரை கார்னர்வன் என அழைத்தனர். டோன் கண்ணாடி ஓவிய உத்தியில் வல்லவர். படப்பிடிப்புக் கருவிக்கு முன்னே பெரிய கண்ணாடித் தகட்டை நிறுத்தி, இடிந்த கட்டடத்தின் இல்லாத கூரையையும் மாடத்தையும் அதன்மீது வரைந்து, இரண்டையும் ஒரே படிமமாகப் பதிவு செய்வது அம்முறை. கூரையற்ற சுவர்கள் திரையில் முழுமையான சிறையாக எழுந்தன. மறைக்க விரும்பிய ஒன்றை ஒரு சமூகம் தன் கண்முன்னே மீண்டும் எழும்பக் கண்டது.

அதனால் எழுந்த எதிர்ப்பே இப்படத்தின் வரலாற்றில் மிகவும் அறிவூட்டுவது. கைதிகளின் வழிவந்த நாடு என்ற இழுக்கை உலகுக்குப் பறைசாற்றுவதா எனப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் கேட்டனர்; வெளிநாட்டுக்குப் படத்தை அனுப்பக் கூடாது என்ற குரலும் எழுந்தது. வழிப்பறிக் கொள்ளையரை நாயகராக்கிய படங்களை நியூ சவுத் வேல்ஸ் பொலிசார் 1912இலேயே தடைசெய்திருந்தனர் என்பதையும் சேர்த்து நோக்கினால், ஆளும் வர்க்கத்தின் கூச்சம் எதைப் பற்றியது என்பது புலனாகும். நாயகன் நிரபராதி என்று கதை எத்தனை தடவை சத்தியஞ் செய்தாலும், திரையில் நூற்றுக்கணக்கான துணைநடிகர் கைதியுடையில் வரிசையாக நகரும்போது அவர்கள் யாவரும் நிரபராதிகள் என்று எவரும் நம்பப்போவதில்லை. கூட்டம் கதையை மீறிப் பேசியது. மக்களோ திரையரங்குகளை நிறைத்தனர். 1927இலேயே ஊருக்குப் போர்ட் ஆர்தர் என்ற பழைய பெயரும் மீண்டது. சுற்றுலா வருமானத்தின் முன் அவமானம் நெடுநாள் நிலைப்பதில்லை.

படத்தை ஆக்கியவர்கள் பற்றியும் ஒரு சொல். முதலில் நெறியாளராகக் கருதப்பட்டவர் அவுஸ்திரேலியாவின் முன்னோடி நெறியாளர் ரேமண்ட் லோங்ஃபோர்ட். அவர் ஒதுக்கப்பட்டு, அமெரிக்கரான டோன் அமர்த்தப்பட்டார். நாயகன் ஃபிஷரும் நாயகி ஈவா நோவாக்கும் அமெரிக்கர். தயாரித்த அவுஸ்ட்ரலேசியன் ஃபில்ம்ஸ் நிறுவனம், படவிநியோகத்தையும் அரங்குகளையும் தன்னகத்தே குவித்த கூட்டிணைப்பின் அங்கம். அமெரிக்கச் சந்தைக்கு அமெரிக்க முகம் வேண்டும் என்பது அதன் கணக்கு. 1927இல் அரசு நியமித்த திரைப்படத் தொழில் பற்றிய றோயல் ஆணைக்குழுவின் முன் லோங்ஃபோர்ட் இக்கூட்டிணைப்புக்கு எதிராகச் சாட்சியமளித்தார். கணக்கும் பலிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவிற் பேசும் படம் வந்துவிட்டது. 1929இல் அங்கே இப்படம் சென்றபோது மௌனப் படத்துக்கு மதிப்பிருக்கவில்லை. பின்னர் சிதைந்து கிடந்த படச்சுருள்கள் 1981இற் புனரமைக்கப்பட்டன. இன்று நாம் காண்பது அப்பிரதியையே.

முடிவு மூன்று வடிவங்களில் மூன்று விதமாக உள்ளது. 1874ஆம் ஆண்டின் நூலில் நோர்ஃபோக் தீவிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் உடைய, டோஸும் சில்வியாவும் அணைத்தபடி இறந்து கிடக்கின்றனர். படம் அவர்களைத் தெப்பமொன்றில் மிதக்கவிட்டு, சாவைக் காட்டாமல் நின்றுவிடுகின்றது. காதலர் வாழ்ந்தனர் என எண்ண விரும்புவோர் எண்ணிக்கொள்ளலாம். சஞ்சிகைத் தொடரில் முடிவு வேறு. அங்கே டோஸ் சில்வியாவின் குழந்தையுடன் உயிர்தப்பி, மற்றொரு பெயருடன் பல்லராட் தங்கவயல்களிற் கடை வைத்து வாழ்கிறான். கதை 1854ஆம் ஆண்டின் யூரேக்காச் சுரங்கத் தொழிலாளர் எழுச்சிவரை நீள்கின்றது. நூலாக்கத்தின்போது அப்பகுதி முழுவதும் வெட்டப்பட்டது. கதைக்கட்டுக் கருதியே வெட்டினர் என்று கூறப்படுவதில் உண்மை உண்டு. தொடர் அளவுக்கு மீறி நீண்டதுதான். ஆயின் வெட்டுண்டது எது என்பதையும் நோக்குதல் வேண்டும். தனியொருவனாகத் துன்புற்ற கைதியை, ஆயுதமேந்தி ஒன்றுகூடிய உழைப்பாளரின் நடுவே கொண்டுபோய் நிறுத்திய அத்தியாயங்கள் அவை. 1927இல் திரைக்கதை எழுதியோர் கையில் எடுத்தது சுருக்கப்பட்ட நூலை.